அல்லிமுத்து அன் கோ சப்ளை செஞ்ச வருஷம்

"எல் ஒன்னு, அல்லிமுத்து அன் கோ"ன்னு எங்க செயல் அலுவலரு ஈ.ஓ. பரமானந்தம் சார் கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி வாசிச்ச அந்த நிமிஷம், தாழைக்கரை பேரூராட்சி மீட்டிங் ஹால்ல கடைசி வரிசை பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்த எனக்கு, கையில இருந்த டீ மடியில கொட்டிருச்சு, ஏன்னா அல்லிமுத்து அன் கோன்னு ஒரு கம்பெனி இந்த உலகத்துலயே கிடையாது, முந்தின நாள் மத்தியானம் குக்கர் விசிலுக்குக் காத்திருந்த நேரத்துல நானே பேரு வச்சு, நானே அட்ரஸ் போட்டு, கண்ண மூடிக்கிட்டு கீபோர்டுல தட்டி ஜி.எஸ்.டி. நம்பர் குடுத்து உண்டாக்குன கம்பெனி அது, தோக்குறதுக்குன்னே பொறந்த கம்பெனி, அது எப்படி என்னைய ஜெயிக்கும்?

எங்க ஊரு வழக்கம் தெரியாதவங்களுக்கு சொல்லிர்றேன். பேரூராட்சிக்கு ஒரு விளக்குமாறு வாங்கணும்னாலும் மூணு கடையில விலை கேக்கணும், மூணுல யாரு கம்மியோ அவங்க தான் எல் ஒன்னு, ஆர்டர் அவங்களுக்கு. ரூல் அது. ஆனா ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு மூணு கடை ஏறி இறங்க நேரம் ஏது, அதனால யாரு வழக்கமா சப்ளை பண்றாங்களோ அவங்களே மூணு கொட்டேஷனையும் ஒரே பையில கொண்டாந்து குடுத்துருவாங்க, கம்மி விலை தன்னோடதுல, கூடுதல் விலை மத்த ரெண்டுலயும். நாகூர்கனி அண்ணனோட ஹார்டுவேர்ஸ் கடை லெட்டர்பேட் என்கிட்ட இருக்கும், என்னோட செவ்வந்தி ஏஜென்சீஸ் லெட்டர்பேட் அண்ணன்கிட்ட இருக்கும், விசேஷ வீட்டுக்கு அண்டா குண்டா மாத்திக்கிற மாதிரி. மூணாவதா குடுக்குறவரு ஜெயசீலன் எலக்ட்ரிகல்ஸ்காரரு. அவரு பொண்ணு வளைகாப்புக்கு நான் போகலன்னு அந்த மாசம் என்மேல கோவமா இருந்தாரு. சரி, மனுசங்ககிட்ட கெஞ்சுறத விட மனுசன உண்டாக்கிர்றது ஈஸின்னு தோணுச்சு.

அங்க தான் தப்புப் பண்ணேன். சும்மா பேருக்கு ஒரு பேரு போட்டு முடிச்சிருக்கலாம். நான் என்ன செஞ்சேன், அல்லிமுத்துன்னு பேரு தோணுனதுமே எனக்கே புல்லரிச்சுப்போச்சு, வெளிர்நீலத்துல ஒரு அல்லிப்பூ வரைஞ்சேன், அதுக்குள்ள ஒரு முத்து வச்சேன், கீழ "நேரம் தவறாத சேவை, முகம் சுளிக்காத மனசு"ன்னு போட்டேன், மேலத்தெருவுல இல்லாத ஒரு கதவு நம்பர் குடுத்தேன், என் சொந்தக் கம்பெனிக்கு லெட்டர்பேட் அடிச்சப்ப கூட நான் அவ்வளவு ஆசையா பாத்துப் பாத்து செஞ்சதில்ல. அந்தக் குஷியில கம்மி விலைய என்னோடதுல போடாம அதுல போட்டு, கவர ஒட்டி, எச்சி தொட்டு அழுத்தி, பேரூராட்சி ஆபீஸ் மெர்சி அக்கா கையில குடுத்துட்டு வந்துட்டேன்.

அந்த ஆர்டர் என்ன சின்ன ஆர்டரா? வருஷம் பூரா பேரூராட்சிக்கு வேண்டிய விளக்குமாறு, பிளீச்சிங் பவுடர், குப்பைத்தொட்டி, தெருவிளக்கு, சாக்கடை தூர்வாருறது, பைப்பு ஒடைஞ்சா ஒட்டுறது எல்லாம் அதுல அடக்கம். அது ஒண்ண நம்பித்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஷட்டர் போட்டு கடை வச்சிருந்தேன். அது போச்சுன்னா ஷட்டர இறக்கிட்டு திருப்பூருக்குப் போயி அக்கா வீட்டுக்காரரு கம்பெனில கணக்கு எழுதணும், அவரு "வாம்மா தொழிலதிபரே"ன்னு கூப்புடுறத தினம் காலையில கேக்கணும்.

"பதறாதடி"ன்னாங்க மெர்சி அக்கா. "ஆர்டர் லெட்டர் போகும், ஆளில்லன்னு திரும்பி வரும், அடுத்து எல் டூ நீ தான். ஒரு வாரம் பொறு."

ஒரு வாரம் எங்க பொறுக்க விட்டுச்சு. மறுநா காலையில, நான் ஷட்டர் தூக்கிக்கிட்டிருக்கேன், பேரூராட்சி வாசல்ல சரக்கு இறங்கியிருக்கு. வண்டிய யாரும் பாக்கல, ஆனா எல்லாரும் பாத்தாய்ங்க. டீக்கடையில நின்னவன் நீலக்கலரு மினி லாரின்னான், எதுத்த மெடிக்கல்காரரு மாட்டுவண்டின்னாரு, ரேஷன் கடை வரிசையில நின்ன பொம்பளைங்க அது தலைச்சுமையா வந்துச்சுன்னு சொன்னாங்க, ஆனா எல்லாரும் ஒண்ண மட்டும் ஒரே மாதிரி சொன்னாங்க, "இப்பத்தான், இந்தா இந்த முக்குல திரும்புச்சு." மெர்சி அக்கா ஜி.எஸ்.டி. நம்பர கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்தாங்க. கம்பெனி உயிரோட இருக்குன்னு வந்துச்சு. அக்கா என்னைய ஒரு தடவ பாத்தாங்க, ஸ்கிரீன ஒரு தடவ பாத்தாங்க, "சரக்கு வரவு"ன்னு எழுதி சீல் குத்திட்டு, சாப்பாட்டு டப்பாவத் தொறந்துட்டாங்க. எங்க ஊரு அப்படித்தான். சீல் குத்திட்டா அது நடந்துருச்சு.

சரக்கப் பத்தி சொல்லவா? சொன்னா எனக்கு வயிறு எரியும், இருந்தாலும் சொல்றேன். விளக்குமாறு ஒரு குச்சி உதிராது, கூட்டக் கூட்ட நீளமா வளரும். தூய்மைப் பணி பாக்குற பஞ்சவர்ணம் அக்காவுக்கு பல வருசமா இடுப்பு வலி, அந்த விளக்குமாற பிடிச்ச அன்னையில இருந்து இடுப்பு வளைய வேண்டிய அவசியமே இல்லாம, கைப்பிடி அவங்க உசரத்துக்குத் தானா வந்து நின்னுச்சு. பிளீச்சிங் பவுடர் போட்டா மூக்க அறுக்காது, மழை பேஞ்ச மண்ணு வாசம் வரும், கொசு அந்த வாசத்துக்கு மயங்கி வேற ஊருக்குக் குடிபோயிரும். குப்பைத்தொட்டி நெறைஞ்சா லேசா இருமும். அவ்வளவு தான், ஒரு இருமல், வயசானவங்க நடையில நின்னு இருமுற மாதிரி, உடனே வண்டி வந்துரும். தெருவிளக்கு இருக்கே, அதுக்கு அடியில நின்னா யாரா இருந்தாலும் நல்லா இருப்பாங்க. மூஞ்சியில பரு தெரியாது, கவலை தெரியாது. பொண்ணு பாக்க வர்றவங்கள எங்க ஊர்க்காரய்ங்க வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறத விட்டுட்டாய்ங்க, பொழுது சாய தெருவிளக்குக்குக் கீழ சேர் போட்டு உக்கார வச்சு, பொண்ண அங்கயே காப்பியோட வரச் சொல்லிட்டாய்ங்க, அந்த வருஷம் தாழைக்கரையில தட்டிப்போன சம்பந்தம்னு ஒண்ணு கிடையாது. என்னைய ஒருத்தரும் அங்க கூப்புடல, அது வேற விசயம்.

அப்புறம் சாக்கடை. அல்லிமுத்து அன் கோ தூர்வாருச்சு, யாரு வாருனாங்கன்னு யாருக்கும் தெரியல, காலையில எந்திரிச்சுப் பாத்தா சாக்கடையில தெளிஞ்ச தண்ணி ஓடுது, தண்ணிக்குள்ள மீனு. கெண்டை, கெளுத்தி, அயிரை. ஊரே கரையில உக்காந்து காலத் தொங்கப்போட்டு பாத்துச்சு. இந்த மாதிரி ஒண்ணு வேற எங்கயாவது நடந்திருந்தா டிவிக்காரன் வந்திருப்பான், சாமியாரு வந்திருப்பாரு. எங்க ஊருல என்ன வந்துச்சு தெரியுமா, தகராறு வந்துச்சு. மேலத்தெரு வீட்டு வாசல் மீனு நீந்தி கீழத்தெரு வாசலுக்கு வந்துட்டா அது யாரு மீனுன்னு சண்டை. மன்றக் கூட்டத்துல தீர்மானம் போட்டாங்க, மீன் பிடிக்கிற உரிமைய "சாக்கடை மீன் பாசி குத்தகை"ன்னு ஏலம் விட்டாங்க, வார்டுக்கு ஒரு குத்தகைதாரரு, அயிரைக்கு தனி ரேட்டு. பரமானந்தம் சாரு வீட்டுல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சாக்கடை மீன் குழம்பு. வாசம் என் கடை வரைக்கும் வரும்.

நான் சாப்புடல. ஒரு துண்டு கூட சாப்புடல. சாப்புட்டா அது நல்லா இருந்துருமோன்னு பயம்.

அல்லிமுத்து ஆம்பளையா பொம்பளையான்னு ஊரு ரெண்டாப் பிரிஞ்சுச்சு. ஆம்பளைங்க பூராம் ஆறடி ஆளு, வெள்ளை வேட்டி, பேச்சு கம்மின்னாய்ங்க. பொம்பளைங்க பூராம் பொம்பள தான், மாநிறம், இடுப்புல சாவிக்கொத்துன்னாங்க. டீக்கடையில தினம் காலையில ஒரு கிளாஸ் டீ அல்லிமுத்து பேருக்கு ஓரமா வைப்பாய்ங்க, கொஞ்ச நேரத்துல கிளாஸ் காலியாயிருக்கும், எவன் குடிச்சான்னு யாரும் கேக்க மாட்டாய்ங்க. திருவிழாவுக்கு பிளெக்ஸ் அடிச்சாய்ங்க, "எங்கள் அல்லிமுத்து"ன்னு கொட்டை எழுத்துல, மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல வெறும் வெள்ளை, அதுக்குக் கீழ சட்டைக் காலரும் கையெடுத்துக் கும்புடுற கையும் மட்டும். அந்த வெள்ளைய நின்னு பாத்த ஒவ்வொருத்தனுக்கும் சொந்தக்கார மூஞ்சி ஒண்ணு தெரிஞ்சுது. "எங்க சித்தப்பா ஜாடை"ன்னு ஒருத்தன் அழுதான்.

எனக்கு என்ன தெரிஞ்சுது? வெள்ளை தான் தெரிஞ்சுது. பெத்தவளுக்கே மூஞ்சி காட்டல.

தாங்க முடியாம ஒரு நா தூய்மைப் பணியாளருங்களுக்கு மேல இருக்கிற சடையாண்டி மேஸ்திரிகிட்ட போயி நின்னேன். அவரு தான் என் சரக்க எப்பவும் தொட்டுப் பாத்து குறை சொல்றவரு.

"மேஸ்திரி, அந்த விளக்குமாறுல எதாச்சும் குறை இருக்கா? உள்ளதச் சொல்லுங்க."

"இருக்கு தாயி."

"என்ன, என்ன?"

"தேயவே மாட்டேங்குது. அடுத்து எப்ப புதுசு வரும்னு ஒரு ஆசை இருக்கும்ல, அது இல்லாமப் போச்சு."

"இதெல்லாம் ஒரு குறையா?"

"நீ தான கேட்ட. உன் விளக்குமாறுன்னா பரவால்ல, வாங்குன அன்னைக்கே அந்த ஆசை வந்துரும்."

பஞ்சவர்ணம் அக்கா வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. இடுப்பு நிமுந்து சிரிச்சாங்க, அது தான் எனக்கு இன்னும் எரிஞ்சுது.

நேரா ஈ.ஓ. ரூமுக்குப் போனேன். சேர்மன் பொன்னுத்தாயம்மாவும் அங்க உக்காந்து முறுக்கு சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. ஒளிச்சு வைக்காம எல்லாத்தையும் போட்டு ஒடைச்சேன். "சார், அல்லிமுத்து அன் கோன்னு ஒண்ணு இல்ல சார். மூணாவது கொட்டேஷனுக்காக நான் உண்டாக்குனது. பேரு நான் வச்சது, பூ நான் வரைஞ்சது."

பரமானந்தம் சாரு பேனாவ மூடி வச்சாரு. "ஏம்மா செவ்வந்தி, இல்லாத கம்பெனி சொன்ன தேதிக்கு முன்னாடி சரக்க இறக்குது. இருக்குற கம்பெனி நீயி, போன வருஷம் பிளீச்சிங் பவுடருக்கு என்னைய எத்தன தடவ போன் அடிக்க வச்ச? இதுல எது இருக்கு எது இல்லன்னு நான் எப்படிம்மா முடிவு பண்ண?"

"அதுக்கில்ல சார்..."

"இந்த பாரும்மா," பொன்னுத்தாயம்மா முறுக்கக் கீழ வச்சாங்க, "ஒரு பொம்பள கஷ்டப்பட்டு முன்னுக்கு வர்றா. அதப் பாத்து இன்னொரு பொம்பள வயிறெரியக் கூடாது. அந்தப் பிள்ளை உன்னைய பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசியிருக்காளா?"

"அது பேசவே பேசாதும்மா. அப்படி ஒரு ஆளே இல்ல."

"பாத்தியா, எவ்வளவு அடக்கமான பிள்ளை."

வெளிய வந்ததும் ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு மேலத்தெருவுக்குப் போனேன். நான் குடுத்த கதவு நம்பர் எனக்குத் தெரியும், அந்த நம்பருக்கு வீடு கிடையாது, தெரு அதுக்கு முன்னாடியே முடிஞ்சு வாய்க்கால் வந்துரும், அதத் தெரிஞ்சு தான் போட்டேன். போயிப் பாத்தா தெரு இன்னும் கொஞ்சம் நீண்டு இருந்துச்சு. வாய்க்கால் மரியாதையா ஒதுங்கி ஓடுச்சு. அங்க ஒரு குடோன், நீலக்கதவு, அல்லிப்பூ போர்டு, நான் வரைஞ்சதுல ஒரு இதழு கோணலா இருக்கும், போர்டுலயும் அதே கோணல். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். கடை ஆரம்பிச்ச புதுசுல என் குடோன் எப்படி இருக்கணும்னு நான் நெனச்சிருந்தேனோ அப்படியே இருந்துச்சு, ஒவ்வொரு அலமாரிக்கும் பேரு ஒட்டி, விளக்குமாறு எல்லாம் ஒரே பக்கமா தலைவச்சு, தரையில ஒரு பொட்டு தூசி இல்ல, காத்தாடி மட்டும் மெதுவா ஓடிக்கிட்டிருந்துச்சு. என் குடோன்ல எலி இருக்கு. அதுக்கு மேல கேக்காதீங்க.

பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கிட்டிருந்தாங்க. "இது எப்பம்மா வந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"நாங்க வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்துச்சே. ஏன், நீங்க புதுசா என்ன விக்க வந்திருக்கீங்க?"

இந்த ஊருல பொறந்தவ நான். அதக் கேட்டா எனக்கு எப்படி இருக்கும்?

அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஊரு என்னைய மறக்க ஆரம்பிச்சுது. வேணும்னு செய்யல, பாவம், தானா நடந்துச்சு. டீக்கடையில நான் நின்னுக்கிட்டே இருப்பேன், ஓரத்து கிளாஸுக்கு டீ போகும், எனக்கு வராது. கடை போன்ல மணி அடிக்கவே அடிக்காது. ஆளுங்க ஷட்டருக்கு முன்னாடி நின்னு "இங்க எதோ கடை இருந்துச்சுல்ல"ன்னு பேசிக்கிட்டுப் போவாங்க, நான் உள்ள பில் புக்கோட உக்காந்திருப்பேன். திருப்பூர் மாமா மட்டும் என் செல்லுக்கு போன் பண்ணி "தொழிலதிபரே, கணக்கு எழுதுற சீட்டு ரெடியா இருக்கு"ன்னாரு. அவரு ஒருத்தரு தான் என்னைய மறக்கல.

வருஷம் முடிய வந்துச்சு. புது ஆர்டருக்கு கொட்டேஷன் கேட்டு பேரூராட்சி நோட்டீஸ் ஒட்டுச்சு. ஒட்டுன அன்னைக்கு மத்தியானம், ரொம்ப நாளைக்கப்புறம் கடை போன் அடிச்சுது.

"அக்கா, அல்லிமுத்து பேசுறேன்."

ஆம்பளைக் குரலும் இல்ல, பொம்பளைக் குரலும் இல்ல. சிரிச்சுக்கிட்டே பேசுறவங்க குரல். முகம் சுளிக்காத மனசு.

"சொல்லு"ன்னேன். வேற என்ன சொல்றது.

"புது வருஷத்துக்கு மூணு கொட்டேஷன் வைக்கணும்லக்கா. என்னோடது ரெடி. நாகூர்கனி அண்ணன் ஒண்ணு குடுத்துட்டாரு. உங்க லெட்டர்பேட்ல ஒண்ணு போட்டுக் குடுத்தீங்கன்னா முடிஞ்சுது. ரேட்டு மட்டும் கொஞ்சம் கூடப் போட்டுக்கங்க."

நாகூர்கனி அண்ணனுமா. "நீ தான் ஊரே கொண்டாடுற ஆளாச்சே. மூணாவதையும் நீயே ஒரு பேரு வச்சு எழுதிக்க வேண்டியது தான?"

"எனக்கு சரக்கு தான்க்கா குடுக்கத் தெரியும். இல்லாதத உண்டாக்க உங்களுக்குத் தான் தெரியும்."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் கொஞ்சம் மயங்கிட்டேன், உள்ளதச் சொல்றேன். அதுகிட்ட இல்லாத ஒண்ணு என்கிட்ட இருக்குல்ல. எழுதிக் குடுத்துரலாம்னு பேப்பர எடுத்தேன். எடுத்து வச்சதும் தான் உறைச்சுது, கூடுதல் ரேட் போட்டு, தோக்குறதுக்குன்னே என் பேர அந்தக் கவருக்குள்ள வச்சேன்னா, அப்புறம் செவ்வந்தி ஏஜென்சீஸ்ங்கிறது வேற யாரோ குக்கர் விசிலுக்கு நடுவுல உண்டாக்குன பேரா ஆயிரும். அல்லிமுத்து இருக்கும். நான் தான் மூணாவது கொட்டேஷன்.

நாகூர்கனி அண்ணன் கடைக்கு ஓடுனேன். "அண்ணே, எப்படிண்ணே உங்களுக்கு மனசு வந்துச்சு?"

அவரு ஆணி எடை போட்டுக்கிட்டே தலையத் தூக்காம சொன்னாரு, "என்னம்மா செய்ய. மரியாதையா கேட்டாய்ங்க. நீ ஒரு நாளாச்சும் மரியாதையா கேட்டிருக்கியா, அண்ணே அண்ணேன்னுட்டு லெட்டர்பேட எடுத்துட்டுப் போயிருவ."

"அல்லிமுத்து என்ன ரேட்டு போட்டிருக்குன்னாவது சொல்லுங்கண்ணே."

"அதச் சொன்னா தப்பாச்சே"ன்னுட்டு, சொன்னாரு.

கழுத்துச் சங்கிலிய அடகுக் கடையில வச்சேன். அல்லிமுத்து போட்ட ரேட்டுக்கும் கீழ போட்டேன். எனக்குக் கட்டாத ரேட்டு, யாருக்கும் கட்டாத ரேட்டு, வாங்குற விலைக்கும் கீழ. கவர ஒட்டிட்டு, சரியான கவர்ல சரியான பேப்பர் இருக்கான்னு வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்தேன்.

"எல் ஒன்னு, செவ்வந்தி ஏஜென்சீஸ்"ன்னு பரமானந்தம் சாரு வாசிச்சப்ப ஹால்ல எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டாய்ங்க. பொன்னுத்தாயம்மா முந்தானையால கண்ணத் தொடச்சாங்க. ரூல் ரூல் தானே, யாரு என்ன செய்ய முடியும். மெர்சி அக்கா சீல் குத்துனாங்க, ரொம்ப மெதுவா.

மறுநா உச்சிவெயில்ல சாக்கடை மீனெல்லாம் கெளம்புச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, பூராம், வரிசையா, பெருசு முன்னாடி, குட்டி நடுவுல, தண்ணிக்கு எதுத்தாப்புல நீந்தி ஊர விட்டுப் போச்சு. ரெண்டு கரையிலயும் ஊரே நின்னுச்சு, பொண்ண வழியனுப்புற மாதிரி. குத்தகைதாரங்க கூட வலை வீசல. "பாத்துப் போங்க"ன்னு பஞ்சவர்ணம் அக்கா சொன்னாங்க, சொல்லிட்டு என்னையப் பாத்தாங்க. விளக்குமாறு குச்சி உதிர ஆரம்பிச்சுது. தெருவிளக்குக்குக் கீழ அவங்கவங்க மூஞ்சி அவங்கவங்க மூஞ்சியாவே தெரிஞ்சுது, நிச்சயம் பண்ண ரெண்டு ஜோடி மறுபடியும் யோசிச்சாங்க. பிளெக்ஸ்ல இருந்த வெள்ளைய காக்கா அசிங்கம் பண்ணிருச்சு, யாரும் தொடைக்கல.

நான் சப்ளை பண்ணேன். உயிரக் குடுத்து பண்ணேன். ஷட்டரு மேலயே இருந்துச்சு, போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. "தாயி, உன் விளக்குமாறு வந்த வேகத்துக்கு மொட்டையாயிருச்சு"ன்னு சடையாண்டி மேஸ்திரி வைவாரு, "ஏம்மா, பவுடர் எங்கம்மா"ன்னு பரமானந்தம் சாரு வைவாரு, கேக்கக் கேக்க எனக்கு அப்படி ஒரு நிம்மதி, திட்டுறதுக்காகவாவது என் பேரு ஊரு வாயில இருக்குல்ல. திருப்பூர் மாமா சீட்ட வேற யாருக்கோ குடுத்துட்டாரு. டீக்கடையில எனக்கு டீ வந்துச்சு. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

அப்பத்தான் சேதி வந்துச்சு. பக்கத்து ஒத்தக்கல்லூர் பேரூராட்சியில சாக்கடையில மீனு ஓடுதாம்.

கேட்ட உடனே நான் சந்தோசப்பட்டிருக்கணும், தொலைஞ்சுது சனின்னு. எனக்கு எரிச்சல் தான் வந்துச்சு. அதுவரைக்கும் எரிஞ்ச எரிச்சல் ஒரு மாதிரி, இது வேற மாதிரி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஒரு போன் இல்ல. கெளம்பி இன்னொரு ஊருக்குப் போயிருச்சு, அந்த ஊருக்காரய்ங்களுக்கு என்ன தெரியும் அதப் பத்தி, அந்த இதழு ஏன் கோணல்னு எவனுக்காச்சும் தெரியுமா?

பவுடர் மூட்டைய அப்படியே போட்டுட்டு ஒத்தக்கல்லூர் பஸ்ஸப் பிடிச்சேன். இறங்குன எடத்துலயே குப்பைத்தொட்டி ஒண்ணு இருமுச்சு, அந்த இருமல கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. சாக்கடைக் கரையில ஒரு பொம்பள காலத் தொங்கப்போட்டு உக்காந்து அயிரைக்குப் பொரி போட்டுக்கிட்டிருந்தாங்க. பக்கத்துல உக்காந்தேன்.

"வெளியூரா? பாத்தியா தண்ணிய. எங்க அல்லிமுத்து செஞ்சது."

எங்க. அந்த 'எங்க'வ அவங்க எவ்வளவு சாதாரணமா சொன்னாங்க தெரியுமா. பொரிய அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டே.

"அக்கா," நான் சொன்னேன், "அது நான் வச்ச பேரு. அந்தப் பூ நான் வரைஞ்சது. ஒரு இதழு கோணலா இருக்கும் பாருங்க, குக்கர் விசில் அடிச்சதுல கை தடுக்கிருச்சு."

அவங்க ஆச்சரியப்படவே இல்ல. என் தோள்ல ஒரு தட்டு தட்டுனாங்க. "எல்லாரும் இப்படித்தான் வந்து சொல்றாங்க கண்ணு. போன வாரம் ஒரு அண்ணன், சிமெண்டு சப்ளை பண்றவராம், எந்த ஊரோ, இதே எடத்துல உக்காந்து, நான் உண்டாக்குன கம்பெனிம்மா, ரெண்டு கொட்டேஷன் பத்தலன்னு எழுதுனேன்மான்னு அழுதாரு. அவருக்கும் ஒரு இதழு கோணலாம். அதுக்கு முந்தி பைப்பு விக்கிற ரெண்டு பேரு வந்து, யாரு முதல்ல பேரு வச்சதுன்னு இங்கயே சட்டையப் பிடிச்சுக்கிட்டாய்ங்க. இந்தா, நீயும் கொஞ்சம் பொரி போடு."

நான் பொரி போடல. கைய மடக்கி வச்சுக்கிட்டே பஸ் ஏறி வந்துட்டேன்.

அதுல இருந்து எனக்கு ஒரே யோசனை. பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ சப்ளை பண்றவங்க யாராச்சும் இத வாசிச்சீங்கன்னா, உங்களுக்கும் நடந்துச்சா? சும்மா பேருக்கு ஒண்ண உண்டாக்கி, அது உங்களவிட நல்லா வாழ்ந்து, ஊரே அதக் கொண்டாடி, உங்க வயிறு எரிஞ்சு, நீங்களே வெரட்டிவிட்டு, அப்புறம் அத வேற எவனோ எங்களோடதுன்னு சொல்லிக் கேட்டு நின்னீங்களா? நடந்திருந்தா சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அதோட பேரு அல்லிமுத்துன்னு மட்டும் சொல்லிராதீங்க.